ஆகஸ்ட் முப்பத்தொன்றில் சாகும் புள்ளிகள்

அம்மான்
2 ஜூலை 2017

அரீஜ் கண்ணு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கனடாவில் நிரந்தரமாகத் தங்க உனக்கு அனுமதி கிடைக்கும் என்றேன், கிடைத்தது. கிடைக்கும்போது உன் கையில் டிக்கெட்டுக்குக் காசு இருக்காது என்றேன், வக்கீலே எல்லாவற்றையும் தின்றுவிட்டானாமே. என் அக்கா, அதுதான் உன் அம்மா, மாடிப்படியில் பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள் என்றும் சொன்னேன். அது ஒன்று மட்டும் பலிக்காமல் போயிருக்கலாம்.

போனில் பேசாமல் எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். என் குரல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். நான் கீழ்வீட்டில் பேசினால் மேல்வீட்டில் இருக்கும் அக்காவுக்குச் சன்னல் வழியாகப் போய்விடும். ஒற்றை விரலால் தட்டினாலும் எழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆறாம் வகுப்பிலேயே வாத்தியார் என்னை எழுப்பி, "நபீஹ், இதுக்கு மேல உனக்குச் சொல்லித்தர எங்கிட்ட ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவைத்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லையாம். டாக்டர் ஆபரேஷன் என்கிறார். அக்கா, "திறந்திருக்கற கதவைத் திறந்தபடியே விடு" என்கிறாள். உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். வாயால்தானே சொல்லக் கூடாது, நான் எழுதுகிறேன்.

உன் அப்பா மம்தூஹ் இறந்தபோது நீ வரவில்லை. வந்திருந்தால் உன்னைத் திரும்பக் கனடாவுக்குள் விட்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். துக்கம் கேட்க வந்த பெண்கள் நடுவில் உட்கார்ந்து, "எனக்குக் கனடாவில மக கெடையாது" என்று அக்கா சொன்னது இந்தத் தெரு முழுக்கத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆகப்போகிறது.

இப்போது கேள். பாத்திரக்கடைக்குச் சரக்கு எடுக்க வருஷம் தவறாமல் சீனா போய் வருகிறேன் அல்லவா, பறந்த தூரத்துக்கு விமானக் கம்பெனிக்காரன் தரும் புள்ளிகள் என்னிடம் மலைபோல் இருக்கின்றன. விமானத்தில் ஏறினால் கேப்டனே வெளியே வந்து, "நபீஹ் சார், இன்னிக்கு எந்த வழியா போகலாம்?" என்று கேட்பார். அவன் தந்த சிவப்பு அட்டையில் இருக்கும் புள்ளிகளில் நீ வந்துவிட்டுப் போகலாம். ஒரே ஒரு சங்கடம். அவை ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி செத்துவிடும். அதற்குள் டிக்கெட்டாக மாற்றாவிட்டால் எல்லாம் காற்றோடு போய்விடும்.

வா, கண்ணு. அக்காவைப் பார்க்க வரவேண்டாம், என்னைப் பார்க்க வா.

உன் மாமா
நபீஹ்


மொன்ட்ரியால்
6 ஜூலை 2017

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தைப் பலமுறை படித்தேன். அதில் எது உண்மை, எது உங்கள் கைவேலை என்று பிரிக்கவே பலமுறை படிக்க வேண்டியிருந்தது. போன வருஷம் சீனாவில் ஒரு நகரத்தின் மேயரோடு உட்கார்ந்து டீ குடித்ததாக எழுதினீர்கள். அவர் ஹோட்டல் வாசலில் நிற்கும் காவலர் என்று மாமி சொன்னார். ஆகவே நேராகக் கேட்கிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது நிஜமா? டாக்டரின் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

நான் வரமாட்டேன். காசு மட்டும் காரணம் இல்லை. ஊரார் முன்னால் இல்லை என்று ஆக்கப்பட்டவள் எந்த முகத்தோடு அந்தப் படியேறுவது? அம்மா கதவைத் திறக்காவிட்டால் எல்லாச் சன்னலும் அதைப் பார்க்கும்.

ஆனால் புள்ளிகளை வீணாக்காதீர்கள். சின்ன வயதில் படிக்கட்டில் ஒரு குபூஸ் ரொட்டித் துண்டு கிடந்தால் அம்மா எப்படி எடுப்பார் என்று நினைவிருக்கிறதா? எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, பறவை தின்னட்டும் என்று மதில்மேல் வைப்பார். என் கையிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இங்கே தெருவில் ரொட்டியைப் பொறுக்கி நெற்றியில் வைத்தால் ஆட்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

யாருக்காக டிக்கெட் எடுப்பதானாலும் முதலில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துங்கள். நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் டாக்டர்களின் பயணங்களுக்கெல்லாம் நான்தான் டிக்கெட் எடுக்கிறேன், அதனால் சொல்கிறேன். உங்களிடம் எத்தனை அட்டைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் யார் பெயரில், அதன் எண் என்ன, பாஸ்வேர்டு என்ன, எவ்வளவு இருக்கிறது, எப்போது சாகும் என்று ஒரே தாளில் எழுதுங்கள். கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் செலவழிக்க இறங்கியவர்கள் பாதியை வழியிலேயே தொலைப்பார்கள்.

அரீஜ்


அம்மான்
12 ஜூலை 2017

கண்ணு,

டாக்டர் சீட்டின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் என் கைவேலை எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாள் எழுத உட்கார்ந்தேன். அட்டைகளெல்லாம் பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. அதைத் தரையில் கவிழ்த்ததும் உன் மாமி கிதாம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இந்த டப்பாவக் காட்டித்தான பத்து வருஷமா என்னைக் கோலாலம்பூர் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டிருக்கீங்க?" என்றாள். யாருக்காகக் கவிழ்த்தேன் என்று சொன்னதும் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அட்டைகளைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

சிவப்பு அட்டை, நீல அட்டை, ஹோட்டல்காரனின் பச்சை அட்டை, பேங்க் அட்டை, எல்லாவற்றின் எண்ணும் எழுதியிருக்கிறேன். பாஸ்வேர்டும் எழுதியிருக்கிறேன், சிவப்பைத் தவிர. அது ஒரு பெண்ணின் பெயர். மாமி கண்ணில் பட்டால் வீட்டில் கொலை விழும். அதனால் சிவப்பு என் பொறுப்பு.

மேலே போய் அக்காவிடமும் பேச்சை எடுத்தேன். அரிசி அடைத்துச் சமைக்கக் கூசாக்காயைக் குடைந்துகொண்டிருந்தாள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, செவப்பு அட்டைல இருக்கற புள்ளி எல்லாம் ஆகஸ்ட் கடைசில சாகுது."

"சாகட்டும். எல்லாரும்தான் சாகறோம்."

"ஒரு ஆளு கடல் தாண்டி வந்துட்டுப் போற அளவுக்கு இருக்குக்கா."

"ஏழைக்குக் குடு."

"குடுக்க முடியாது. சொந்தக்காரங்க பேர்லதான் எழுதலாம். சட்டம் அப்படி."

"யாரு போட்ட சட்டம்?"

"விமானக் கம்பெனிக்காரன்."

"நீ நடுங்கறதப் பாத்தா அல்லாஹ் போட்டதோன்னு நெனச்சேன். கிதாமை அனுப்பேன்."

"அவ பாஸ்போர்ட் முடிஞ்சு போச்சு."

கத்தி நின்றது. "அப்ப வீணாத்தான் போகுமா?"

"வீணாத்தான் போகும்."

"காலு வீங்க வீங்க நீ சீனாவுக்குப் போயிச் சேத்ததுடா அது," என்றாள். அப்புறம் மறுபடி குடைய ஆரம்பித்தாள். உன் பெயரை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காய் ஓட்டையாகும்வரை குடைந்தாள். அவள் கையில் கூசா ஓட்டையானதை இதுவரை இந்த அம்மான் நகரம் பார்த்ததில்லை.

மாமா


மொன்ட்ரியால்
16 ஜூலை 2017

மாமா,

டாக்டர் சீட்டைப் பார்த்தேன். எங்கள் கிளினிக் டாக்டரிடம் காட்டினேன். அவர் சொன்னதை இங்கே எழுத முடியவில்லை.

நீங்கள் அனுப்பிய கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நீல அட்டை இரண்டு வருஷம் முன்பே செத்துவிட்டது. பேங்க் அட்டையில் இருந்ததை யாரோ இஸ்திரிப் பெட்டியாக மாற்றியிருக்கிறார்கள். மாமியைக் கேளுங்கள். உயிரோடு இருப்பதாக நீங்கள் நினைத்ததெல்லாம் இப்படிக் கிடக்கிறது. பச்சை அட்டை மட்டும் நன்றாக இருக்கிறது. அம்மானில் நல்ல ஹோட்டலில் மூன்று வாரம் தங்கலாம்.

சிவப்பின் பாஸ்வேர்டு வேண்டும். எவ்வளவு இருக்கிறது, எந்தத் தேதி என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். யார் பெயராக இருந்தாலும் மாமியிடம் சொல்ல மாட்டேன்.

இப்போது இரண்டு விஷயம் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். முதலாவது, விமானத்தில் சீட் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு புள்ளியைக்கூட ஓர் அட்டையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள். மாற்றினால் திரும்ப வராது. புள்ளிக்கென்று கம்பெனிக்காரர்கள் ஒதுக்கும் சீட் மிகவும் கொஞ்சம். சீட் கண்ணில் பட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது, பச்சை அட்டையைத் தொடாதீர்கள். நான் வந்தால், வந்தால்தான், அதுதான் என் கதவு. அம்மா திறக்காவிட்டால் நான் போய்ப் படுக்க எனக்கு ஓர் இடம் வேண்டும். அது இருந்தால்தான் அந்தப் படியில் கால் வைக்க எனக்குத் தைரியம் வரும்.

அரீஜ்


அம்மான்
24 ஜூலை 2017

கண்ணு,

முதலில் நல்ல சேதி. சிவப்பு அட்டையில் கொஞ்சம் குறைந்தது. நான் கண்ணிமைக்கிற நேரத்தில் அதைச் சரிக்கட்டிவிட்டேன். ஒரே விரல், ஒரே அழுத்து. பச்சையில் இருந்ததெல்லாம் சிவப்புக்குப் போய்விட்டது.

நீ எழுதியது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் உன் இரண்டாவது விஷயத்தைப் படித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. என் மருமகள் பிறந்த ஊரில் ஹோட்டலில் படுப்பாளா? கீழ்வீட்டில் என் கூடம் இல்லையா? மாமி விரிக்கும் மெத்தை இல்லையா?

இனி மற்ற சேதி. மூன்று கொடுத்தால் ஒன்றாகத்தான் மாறுமாம். அதை எங்கோ எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று, நான் மாற்றியபிறகு பார்த்தால் சீட் இல்லை. ஜூலையிலும் இல்லை, ஆகஸ்டிலும் இல்லை. கம்பெனி ஆபீசுக்கே போனேன். என் பெயரைக் கேட்டதும் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். அதில் ஒரு பெண் சொன்னாள், "மாத்தினது மாத்தினதுதான் சார். திரும்பப் பச்சைக்குப் போகாது." கறந்த பால் மடி புகாது என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சீட் வரும். வரும் என்று நான் சொல்கிறேன். நான் சொன்னது எது நடக்காமல் போயிருக்கிறது?

மாமா


மொன்ட்ரியால்
26 ஜூலை 2017

மாமா,

அந்த அட்டையில் இருந்தது உங்கள் புள்ளிதான். கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதை நான் என் கதவு என்று சொல்லியிருந்தேன். அதைக் கழற்றி விற்றுவிட்டு, உங்கள் கூடத்தில் மெத்தை விரிப்பதாக எழுதுகிறீர்கள். அம்மா என்னைத் திருப்பி அனுப்பிய பிறகு அதே கட்டடத்தில், அவர் காலடிச் சத்தத்துக்குக் கீழே, நான் மூன்று வாரம் படுத்திருக்க வேண்டுமா?

எல்லோருக்கும் முன்னாலேயே எல்லாம் தெரிந்த உங்களுக்கு இது தெரியவில்லையா?

இனி எழுத வேண்டாம். மாமிக்குப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக் கோலாலம்பூர் கூட்டிப்போங்கள்.

அரீஜ்


அம்மான்
21 ஆகஸ்ட் 2017

அரீஜ்,

எழுதாதே என்றாய், நானும் எழுதவில்லை. நான் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்து மாமி எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துவிட்டாள்.

தினமும் விடியல் தொழுகை முடிந்ததும் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து சீட் பார்த்தேன். கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் பார்த்தேன். இன்றைக்கு வந்துவிட்டது. செப்டம்பர் பதினான்கு உன் ஊரில் ஏறினால் வெள்ளிக்கிழமை இங்கே இறங்கலாம். நடுவில் ஓர் இடத்தில் மாற வேண்டும். நாளை மறுநாள்வரை பிடித்துவைப்பார்களாம். உன் பாஸ்போர்ட் எண்ணும் சம்மதமும் வேண்டும்.

பதில் எழுதும் முன்னால் இதைப் படி. போன வாரம் மேலே போனேன். பொய் சொல்ல மனம் இல்லாமல் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அக்கா, உம் பொண்ணு ஹோட்டல்ல தங்கறதுக்குன்னு கொஞ்சம் புள்ளி ஒதுக்கி வெச்சிருந்தா. நான் அதையும் சேத்துத் தின்னுட்டேன். அவ இப்ப எங்கூடப் பேசறதில்ல," என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஹோட்டல்லயா?"

"ஆமா."

"என் வீட்டுப் பொண்ணு ஹோட்டல்லயா? இந்த ஊர்லயா? ஊர்ல என்ன பேசுவாங்க, பாசிமாவோட மகளுக்குப் படுக்க எடமில்லன்னா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. நான் அசையவில்லை. சன்னலில் உட்கார்ந்த புறாவைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எதுக்குடா மொறைக்கறே?" என்றாள். "புள்ளி வீணாப் போகக் கூடாதுன்னுதான் சொல்றேன். அவளுக்காக இல்ல. வந்து, சாப்ட்டுட்டு, போகட்டும்."

நேற்று மொட்டைமாடியில் கம்பளிப் போர்வைகள் காய்ந்தன. ஆகஸ்ட் வெயிலில் யார் கம்பளி துவைப்பார்கள்? கேட்டேன். "தூசி," என்றாள். படியேற முடியாதவள் அதை எப்படி மேலே கொண்டுபோனாள் என்று நான் கேட்கவில்லை.

மாமா


மொன்ட்ரியால்
22 ஆகஸ்ட் 2017

மாமா,

"என் வீட்டுப் பொண்ணு" என்று அவர் சொன்னாரா, நீங்கள் சொன்னீர்களா? எத்தனையோ மேயர்களோடு டீ குடித்தவர் நீங்கள். இது அவர் வாயிலிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இது உங்கள் கைவேலையாக இருந்தால் வாசலில் நிற்கும்போது எனக்குத் தெரிந்துவிடும். அப்போது உங்களை மன்னிக்க மாட்டேன்.

பாஸ்போர்ட்டின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். டிக்கெட் எடுங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே அடியுங்கள். அழுத்தும் முன்னால் மாமியிடம் ஒரு முறை காட்டுங்கள்.

முப்பத்தொன்றாம் தேதி என்ற ஒன்று இல்லாவிட்டால் நான் இன்னும் ஒரு வருஷம் யோசித்திருப்பேன். அவரும் யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

விமான நிலையத்துக்கு நீங்கள் மட்டும் வாருங்கள். பூங்கொத்து, தம்பட்டம் எதுவும் வேண்டாம்.

அரீஜ்


மொன்ட்ரியால்
22 அக்டோபர் 2017

அன்புள்ள மாமாவுக்கு,

வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. பூங்கொத்து வேண்டாம் என்றேன். நீங்கள் ஒரு குலைப் பேரீச்சையோடு நின்றீர்கள். சரி, அது பூங்கொத்து இல்லைதான்.

அன்றைக்கு நீங்கள் கீழேயே நின்றுவிட்டீர்கள். மேலே நடந்ததை இத்தனை நாளும் கேட்காமல் இருந்தீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரியும். எழுதுகிறேன்.

கதவு சாத்தியிருக்கவில்லை. அப்பாவின் பழைய செருப்பு ஒன்றை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். யார் திறப்பது என்ற கேள்வியே வராமல் செய்துவிட்டார். நான் உள்ளே போனபோது அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பவில்லை. "கை கழுவிட்டு வா. கூசா ஆறுது," என்றார். அவ்வளவுதான். அந்த மூன்று வருஷத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவின் கபருக்குப் போனோம். அம்மாவால் மேடு ஏற முடியவில்லை. டாக்சியிலேயே உட்கார்ந்துகொண்டு, "நீ போ. வந்துட்டேன்னு அவர்ட்ட சொல்லு," என்றார். போய்ச் சொன்னேன். திரும்பி வந்தபோது என் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டார்.

கிளம்பும்போது பெட்டியில் ஸாத்தர் பொடி, ஆலிவ், காய்ந்த புதினா, ஒரு கம்பளிப் போர்வை. போர்வைக்கு இடம் இல்லை என்றேன். "துவைச்சிருக்கேன்," என்றார், அதுவே பதில் என்பதுபோல. வாசல் வரை வந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார், "நபீஹோட அந்தப் புள்ளி எல்லாம் தீந்துதா, மிச்சம் ஏதும் இருக்கா?"

அதை உங்களிடம் கேட்டுச் சொல்வதாக வந்தேன். மிச்சம் இருக்கிறதா, மாமா? சிவப்பின் பாஸ்வேர்டை இப்போதாவது கொடுங்கள். நானே பார்த்துக்கொள்கிறேன்.

அரீஜ்


மொன்ட்ரியால்
11 பிப்ரவரி 2018

மாமா,

போன மாதம் நீங்கள் போன் செய்தபோது கிளினிக்கின் மருந்து அறையில் இருந்தேன். உங்கள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. அதனால் நீங்கள் சொல்லும் முன்பே தெரிந்துவிட்டது. அன்றைக்கே மதியத் தொழுகைக்குப் பின் அடக்கம் என்றீர்கள். நம் வழக்கம் அதுதான், தெரியும். எந்த விமானமும் அவ்வளவு வேகமாகப் பறக்காது. அப்பாவுக்கும் நான் இல்லை, அம்மாவுக்கும் இல்லை.

ஆனால் இந்த முறை வேறு. துக்கத்துக்கு வந்த பெண்களிடம் மாமி, "பாசிமா தன் மக கையால சாப்பிட்டுட்டுத்தான் போனா" என்று சொன்னாராம். எனக்கு அது போதும்.

கபரைப் பார்க்க வரவேண்டும். அக்டோபரில் மிச்சப் புள்ளி பற்றிக் கேட்டேன். நீங்கள் சீனத்துக் குளிரைப் பற்றிப் பதில் எழுதினீர்கள். கேட்டது என் தவறுதான். மிச்சம் இருந்தாலும் அது ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு செத்திருக்கும். ஆகவே சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்குகிறேன். அடுத்த வருஷக் கோடைக்குள் சேர்ந்துவிடும். அதுவரை அந்தச் செருப்பை எடுத்துவிடாதீர்கள்.

அரீஜ்


அம்மான்
27 பிப்ரவரி 2018

அரீஜ் கண்ணு,

நாற்பதாம் நாள் ஓதி முடித்தாயிற்று. எவ்வளவு கூட்டம் வந்தது என்று எழுத உட்கார்ந்தேன். வழக்கம்போல ஊரே திரண்டது என்று எழுதினேன், அழித்துவிட்டேன். வர வேண்டியவர்கள் வந்தார்கள். கசப்புக் காப்பி குடித்தார்கள். போனார்கள். மேல்வீட்டுக் கதவில் செருப்பு அப்படியே இருக்கிறது.

அடுத்த வருஷக் கோடைவரை நீ காத்திருக்க வேண்டாம். சிவப்பு அட்டையில் இன்னும் இருக்கிறது. நீ இங்கே வருவதற்கு அது போதும். திரும்பிப் போவதற்குக் கொஞ்சம் குறையும். ஏப்ரலில் சரக்கு எடுக்கப் போகிறேன், அதில் சேர்ந்துவிடும்.

பாஸ்வேர்டு கேட்டாயே. "பாசிமா." அவ்வளவுதான். அந்தக் கணக்கை முதன்முதலில் திறந்தபோது ஆபீசில் இருந்த பெண், "மறக்கவே மறக்காத பேரா ஒண்ணு போடுங்க சார்" என்றாள். கிதாமின் பெயரைப் போடாமல் என் அக்காவின் பெயரைப் போட்டேன். மாமி கொல்லுவாள் என்று நான் சொன்னது அந்த அளவில் உண்மைதான்.

திறந்து பார். திறந்ததும் உனக்கே தெரிந்துவிடும் என்பதால்தான் இத்தனை நாள் தராமல் இருந்தேன். கம்பெனியின் சட்டம் அங்கே மேலேயே எழுதியிருக்கிறது. நான் எப்போதாவது ஒரு முறை பறந்துகொண்டிருக்கும்வரை அந்தப் புள்ளிகளுக்குச் சாவு கிடையாது. போன ஆகஸ்டிலும் கிடையாது, இந்த ஆகஸ்டிலும் கிடையாது. உன் அவசரத்துக்கு இல்லாமல், உன் வசதிக்கு வா.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நினைவோடு இருந்த அன்று அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "டேய், நெஜம் சொல்லு. அந்தப் புள்ளி சாகத்தான் போச்சா?"

"ஆமாக்கா. ஒன்பது நாள்தான் பாக்கி இருந்துச்சு."

"அப்ப சரி," என்றாள். "வீணாகல."

அவளிடம் மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் சொல்லிவிடுகிறேன். கேப்டன் வழி கேட்டது, ஆபீசில் மூன்று பேர் எழுந்து நின்றது, இவற்றையெல்லாம் நீ என்றைக்குமே நம்பியதில்லை, அதனால் அவை கணக்கில் வராது. கூசா ஓட்டையானது நிஜம். மொட்டைமாடியில் போர்வை காய்ந்தது நிஜம். "என் வீட்டுப் பொண்ணு" என்று அவள் சொன்னது நிஜம், அந்தக் கபரின்மேல் ஆணை.

ஆகஸ்ட் முப்பத்தொன்று மட்டும் என் கைச்சரக்கு.

மாமா